அறை வாடகைக்கு: இனம் பார்ப்பதில்லை, ஆனால்…

சிங்கப்பூரில் அறை தேடுபவர் முகவருக்கு வாட்ஸ்அப்பில் "இந்த அறை இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டால், படமோ விலையோ வருவதற்குள் நிரப்பச் சொல்லி ஒரு பட்டியல் வந்துவிடும். பெயர், நாடு, இனம், ஆணா பெண்ணா, வயது, வேலை, என்ன பாஸ் (வேலை அனுமதியா, மாணவர் அனுமதியா), எத்தனை பேர், சமைப்பீர்களா, எப்போது குடிவருவீர்கள், எத்தனை மாதம், எவ்வளவு வாடகை தர முடியும். அந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வீட்டுக்காரரின் பணத்தோடு சம்பந்தப்பட்ட கேள்விகள் எல்லாம் அடியில் கிடக்கின்றன. நாடும் இனமும் பெயருக்கு அடுத்தே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. "இந்தியர்" என்று படித்துவிட்டு "சமைப்பீர்களா" என்ற வரிக்கு வரும் கண், "ஐரோப்பியர்" என்று படித்துவிட்டு வரும் அதே கண் இல்லை.

தப்பெண்ணம் என்றதும் நாம் மனசைப் பற்றித்தான் பேசுவோம். யாருக்கு நல்ல மனசு, யாருக்குக் கெட்ட மனசு என்று. இந்தத் துறையின் ஆய்வுகளைத் தொடர்ந்து படித்தால் எனக்குப் படுவது வேறு: மனசைத் திருத்துவது மெதுவான வேலை, பாதியில் நின்றுபோகும் வேலையும்கூட. முடிவெடுக்கும் வரிசையைத் திருத்துவது ஒரு மாலை நேர வேலை. முதலில் அதைச் சொல்லிவிட்டு மனசுக்கு வருகிறேன்.

எரிக் உல்மன், ஜெஃப்ரி கோயன் இருவரும் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனை. காவல்துறைத் தலைவர் பதவிக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஒருவருக்குப் படிப்பு அதிகம், இன்னொருவருக்குத் தெரு அனுபவம் அதிகம். படித்தவர் ஆணாக இருந்தபோது "இந்த வேலைக்குப் படிப்புதான் முக்கியம்" என்றார்கள். அதே படிப்பு பெண்ணிடம் இருந்தபோது அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளைப் பார்த்த பிறகு அளவுகோல் தானாக வளைந்துகொண்டது, அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. "நான் நடுநிலையானவன்" என்று தன்னை நம்பியவர்களிடம்தான் சாய்வு அதிகமாக இருந்தது. விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு முன்பே எந்தத் தகுதிக்கு எவ்வளவு மதிப்பு என்று எழுதிவைத்தவர்களிடம் அந்தச் சாய்வு காணாமல் போனது.

வாடகை விஷயத்திலும் வளையும் அளவுகோல் சமையல்தான். இந்தியக் குடித்தனக்காரர் என்றால் "சமையல் வாசம்" பெரிய பிரச்சினையாகிவிடும். அதே வீட்டில் வீட்டுக்காரரே பெலாச்சான் என்ற இறால் விழுதை வறுப்பார், கருவாடு பொரிப்பார். அது வீட்டு வாசமாம்.

சரி, என்ன செய்யலாம்? அறையை வாடகைக்கு விடுபவர் தமிழராக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். முதல் விசாரிப்பைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: குறைந்தபட்ச வாடகை, எத்தனை மாதம் (வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில் ஆறு மாதத்துக்குக் குறைத்து விடவே முடியாது), எத்தனை பேர், குடிவரும் தேதி, சமையலறைப் பயன்பாடு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். பிறகு மாற்றக் கூடாது. "சமைப்பீர்களா" என்று மொட்டையாகக் கேட்டால் கேட்பவரின் கற்பனைதான் பதிலை நிரப்பும். வாரத்துக்கு எத்தனை நாள், எந்த நேரத்தில், எண்ணெயில் பொரிப்பதுண்டா, முடித்ததும் அடுப்பைத் துடைப்பீர்களா என்று கேளுங்கள். யாராக இருந்தாலும் அதே நான்கு கேள்வி, அதே வரிசை. குடியுரிமையும் பாஸும் பார்க்க வேண்டியது சட்டப்படி வீட்டுக்காரரின் கடமைதான். அசல் அட்டையை வாங்கிப் பார்த்து, அதை வழங்கிய அமைப்பின் இணையத்தளத்தில் சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது ஆளை முடிவு செய்த பிறகு, ஒப்பந்தத்துக்கு முன் செய்யும் சரிபார்ப்பு. ஆளைத் தேர்ந்தெடுக்கும் சல்லடையாக அதை முதல் வரியில் வைக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இது எங்கே கெடும்? மதிப்பெண் போட்ட பிறகு "ஆனா மனசுக்கு என்னவோ சரியாப் படலை" என்று ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கும்போது கெடும். அந்த ஆறாவது எப்போதுமே ஒரே பக்கமாகத்தான் சாயும்.

வேலைக்கு ஆள் எடுப்பதிலும் இதே கதைதான். சிகாகோவிலும் பாஸ்டனிலும் ஏறக்குறைய 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரின் ஆய்வு, 2004இல் வந்தது. விண்ணப்பம் ஒன்றே, மேலே இருக்கும் பெயர் மட்டும் மாறும். வெள்ளையர் பெயர்களுக்கு நூற்றுக்கு 10க்குச் சற்றுக் குறைவான அழைப்பு, கறுப்பர் பெயர்களுக்கு 6 சொச்சம். சிங்கப்பூரில் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இனம், குடியுரிமை, மொழி எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முதல் சில ஆண்டுகளுக்கு விலக்கு. வாடகை அறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது ஒரு பழைய ஆய்வு. 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியேர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு அந்த நாட்டை வலம்வந்தார். தங்கும் இடங்களும் உணவகங்களுமாக 251 இடம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடமில்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, "சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா?" என்று கேட்டார். பதில் எழுதிய 128 இடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் "மாட்டோம்". 1934இல் இது வெளிவந்தது. சொல் வேறு, செயல் வேறு என்பதற்கு எல்லாப் பாடநூலும் இதைத்தான் இழுக்கும். ஓட்டைகளும் உண்டு: கடிதத்துக்குப் பதில் எழுதியவர் அன்று கல்லாவில் நின்றவராக இருக்க வேண்டியதில்லை, கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இருந்தார், தம்பதி நல்ல உடையில் சிரித்த முகமாக இருந்தார்கள்.

ஓட்டையைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், அந்த ஓட்டைக்குள்ளேயே பாருங்கள். "சீனர்கள்" என்று பொதுவில் கேட்டபோது அந்த இனத்தின் மேல் குத்திவைத்த முத்திரை பதில் சொன்னது. வாசலில் நின்ற இரண்டு மனிதர்களைப் பார்த்தபோது அந்த இரண்டு மனிதர்களுக்குப் பதில் கிடைத்தது. பொதுவான மனப்போக்கு பொதுவான நடத்தையைத்தான் காட்டும், குறிப்பிட்ட செயலைச் சொல்லாது என்று 1977இல் ஐசெக் அய்ஸனும் மார்ட்டின் ஃபிஷ்பைனும் இதை ஒரு விதியாகவே ஆக்கினார்கள். அறை தேடும் தமிழருக்கு இதில் ஒரு நடைமுறைப் பலன் உண்டு. பட்டியலை நிரப்பி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, "இன்று மாலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் வந்து பார்க்கலாமா?" என்று நேரம் குறித்துக் கேட்பது பலன் தரும். செய்தியில் "வேண்டாம்" என்று தட்டுவதற்கு ஒரு விரல் போதும். முகத்துக்கு நேரே அது அவ்வளவு சுலபமில்லை.

வாசம் என்றதும் 2011 நினைவுக்கு வராத சிங்கப்பூர்த் தமிழர் இருக்க மாட்டார். சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசத்தைப் பற்றிப் புகார் சொன்னது, சமூக சமரச நிலையம் வரை போனது. புகார் சொன்னவர்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து இந்தியக் குடும்பம் கறி சமைப்பது, புகார் சொன்னவர்களும் அதை ஒருமுறை ருசித்துப் பார்ப்பது என்று முடிந்தது. நடந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு செய்தி நாளிதழில் வந்தபோதுதான் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் ஒரு பானை கறி சமையுங்கள் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு பறந்தது. சீனர், மலாய்க்காரர், யுரேசியர் எல்லாரும் சமைத்தார்கள்.

அதை இன ஒற்றுமையின் வெற்றி என்று கொண்டாடுவது வழக்கம். சாமுவேல் கேர்ட்னரும் ஜான் டொவிடியோவும் சொல்லும் பொது அடையாள மாதிரியை வைத்துப் பார்த்தால் நடந்தது இன்னும் சுவாரசியமானது. "சீனர், இந்தியர்" என்ற கோடு ஒரு வாரத்துக்கு மங்கியது, "நாம் எல்லாரும் சிங்கப்பூரர்கள்" என்ற பெரிய வட்டம் தெரிந்தது. ஆனால் வட்டம் என்றால் வெளியே யாராவது நிற்க வேண்டும். வெளியே நின்றவர்கள் சீனாவிலிருந்து புதிதாக வந்தவர்கள். இணையத்தில் கறிக்கு ஆதரவாகப் பேசிய பலர் அதே மூச்சில் அவர்களைத் திட்டினார்கள். கோடு அழியவில்லை, இடம் மாறிக்கொண்டது. "நாம்" என்று சொல்லி ஆட்களைச் சேர்க்கும் எந்தப் பிரசாரத்திலும் இந்தச் செலவைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

சிறுபான்மை மீது ஏன் ஒரு குற்றம் ஒட்டினால் போவதே இல்லை? "அந்த இந்தியக் குடித்தனக்காரர் சுவரைக் கெடுத்துட்டுப் போயிட்டார்" என்பது பத்து வருடம் நினைவிருக்கும். சுவரைக் கெடுத்த சீனக் குடித்தனக்காரர் வெறும் "ஒரு குடித்தனக்காரர்". டேவிட் ஹாமில்டனும் ராபர்ட் கிஃபர்டும் 1976இல் இதைக் கணக்காகவே காட்டினார்கள். இரண்டு கற்பனைக் குழுக்கள். முதல் குழுவைப் பற்றி 26 வாக்கியங்கள், 18 நல்ல செயல், 8 கெட்ட செயல். இரண்டாவது சின்னக் குழு, 13 வாக்கியங்கள், 9 நல்லது, 4 கெட்டது. வகுத்துப் பாருங்கள், விகிதம் ஒன்றேதான். வாக்கியங்களைப் படித்தவர்களைக் கேட்டபோது சின்னக் குழுவின் கெட்ட செயல்களை உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னார்கள், அந்தக் குழுவையே கொஞ்சம் மட்டமாக மதிப்பிட்டார்கள். அரிதான ஆட்கள், அரிதான செயல், இரண்டும் சேர்ந்தால் நினைவில் குத்திட்டு நிற்கும் என்பது முதலில் சொன்ன காரணம். சின்னக் குழுவைப் பற்றித் தகவலே கொஞ்சம் என்பதால் அங்கேயும் நல்லதுதான் மிகுதி என்பது மனசில் ஏறுவதில்லை என்பது பிறகு வந்த விளக்கம். எப்படியானாலும் இதற்கு வெறுப்பே தேவையில்லை. 2020 கணக்கெடுப்பில் இந்நாட்டு வசிப்போரில் இந்தியர் நூற்றுக்கு 9. அந்த எண்ணிக்கையே போதும்.

நாளிதழோ தலைப்போ எழுதுபவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது: குற்றத்தோடு இனத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் இனத்தைக் குறிப்பிடாதீர்கள். குடும்பக் குழுவில் கதை சொல்பவர்களுக்கும்தான்.

"பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது நம் ஊரின் பெரிய நம்பிக்கை. 1989 மார்ச்சிலிருந்து வீவக வீடு வாங்குவதற்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை உண்டு. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 15 வரைதான். வட்டார அளவில் 84, 22, 12. இந்தியருக்கான வரம்பை 2010இல்தான் உயர்த்தினார்கள், அதற்கு முன் 13, 10. வரம்பு நிறைந்த புளோக்கில் வீட்டை விற்கும் இந்தியருக்கு வாங்குவோர் கூட்டம் சுருங்கிவிடும், அந்த வலி தனி. இங்கே என் கேள்வி கொள்கை தப்பெண்ணத்துக்கு என்ன செய்யும் என்பதுதான். பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும். அதற்கு மேல் அதனால் முடியாது.

பழகினால் தப்பெண்ணம் குறையும் என்று 1954இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்னபோதே நிபந்தனையோடுதான் சொன்னார்: இரு பக்கமும் சம நிலை, பொதுவான இலக்கு, அதற்காகச் சேர்ந்து உழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. மின்தூக்கியில் தலையாட்டிக்கொள்வதில் இந்த நான்கில் எதுவும் கிடையாது. அதே 1954 கோடையில் முசாஃபர் ஷெரிஃப் ஒக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் 22 பையன்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். கொடி எரிப்பு, குடில் சூறை வரை போய்விட்டது. சமாதானத்துக்காக ஒரே கூடத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டபோது சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். தண்ணீர்த் தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டு எல்லாருக்கும் தாகம் எடுத்தபோது, நின்றுபோன லாரியை எல்லாரும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தபோதுதான் சூடு தணிந்தது. தணிந்ததும் ஒரே நாளில் இல்லை, அடுத்தடுத்துப் பல காரியங்களுக்குப் பிறகு.

தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பழக்கம் கூடக்கூடத் தப்பெண்ணம் குறைகிறது என்பது உண்மைதான், தொடர்பு ஏறக்குறைய 0.21 (1 என்றால் முழுத் தொடர்பு). சின்ன எண், ஆனால் எங்கும் தொடர்ந்து வரும் எண். எந்த வழியாகக் குறைகிறது என்று 2008இல் பார்த்தபோது மூன்று வழி தெரிந்தது: மற்றவரைப் பற்றிய அறிவு கூடுவது, பதற்றம் குறைவது, அவர் நிலையில் நின்று பார்ப்பது. அறிவுதான் மூன்றிலும் பலவீனமானது. பதற்றம் குறைவதும் மற்றவர் வலியை உணர்வதும்தான் பெரும்பங்கு வேலை செய்தன.

இதை வைத்து நம் இன நல்லிணக்க நாளைப் பாருங்கள். சேலை, பாஜு குரோங், சியோங்சாம், ஒரு மேசையில் முறுக்கு, ஒரு மேசையில் குவே. எல்லாம் அறிவு. பிள்ளைகளுக்குக் கெடுதல் இல்லை, அழகாகவும் இருக்கும். ஆனால் மூன்று மேசை வைத்தால் மூன்று கூட்டம்தான் உட்காரும். புளோக்கில் வசிப்போருக்கு நிகழ்ச்சி நடத்துபவர் எவராவது இதைப் படித்தால்: பலகாரத்தை இனப்படி பிரிக்காதீர்கள், வேலைப்படி பிரியுங்கள். ஐந்து பேர் கொண்ட கலப்புக் குழு. ஒருவரிடம் செய்முறை, ஒருவரிடம் பொருள், ஒருவரிடம் அடுப்பு, ஒருவரிடம் கணக்கு, ஒருவரிடம் பரிமாறும் பட்டியல். மற்றவரிடம் கேட்காமல் யாருக்கும் வேலை நகரக் கூடாது. எலியட் ஆரன்சன் 1971இல் ஆஸ்டின் பள்ளிகளில் பாடத்தைத் துண்டுபோட்டுக் கொடுத்த அதே உத்திதான். கெடும் இடம்: திட்டமிடுபவர்கள் எப்போதும் ஓர் இனம், சமைப்பவர்கள் இன்னோர் இனம் என்று ஆகிவிட்டால் சம நிலை போய்விடும், பழைய முத்திரை இன்னும் ஆழமாகப் பதியும். நேரமும் வேண்டும். ஒரே ஒரு சனிக்கிழமை போதாது, நான்கைந்து சந்திப்பு இருந்தால்தான் பதற்றம் இறங்கும்.

அளவோடு நம்பவும் வேண்டும். எலிசபெத் லெவி பாலக்கும் இரண்டு சகாக்களும் பழக்கத்தைப் பற்றிய ஆய்வுகளில், ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒரு நாளாவது கழித்து விளைவைப் பார்த்த சோதனைகளை மட்டும் வடிகட்டியபோது 27தான் தேறின. இனத் தப்பெண்ணத்தில் பலன் குறைவாக இருந்தது. 25 வயது தாண்டியவர்களின் இனத் தப்பெண்ணத்தைச் சோதித்தது அதில் ஒன்றுகூட இல்லை. வசிப்போர் நிகழ்ச்சிக்கு வரும் கூட்டமோ பெரும்பாலும் அந்த வயதுதான்.

பழகிய பிறகும் ஒரு பொறி உண்டு. "நீங்க மத்த இந்தியர்கள் மாதிரி இல்ல." பாராட்டு மாதிரி காதில் விழும். முத்திரையை அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டு ஆளை மட்டும் வெளியே எடுத்துவைக்கும் வேலை அது. ரெனீ வெபரும் ஜெனிஃபர் குரோக்கரும் 1983இல் காட்டியது: முத்திரைக்கு மாறான தகவல் எல்லாம் ஓரிரு ஆட்களிடமே குவிந்தால் அவர்கள் விதிவிலக்காகி விடுவார்கள், பல பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறியிருந்தால் முத்திரையே ஆட்டம் காணும். நம் ஆட்கள் வாதம் செய்யும்போது உடனே அமைச்சரையும் அறுவை மருத்துவரையும் இழுப்பார்கள். அது விதிவிலக்குப் பெட்டிக்குள் நேராகப் போய் விழும். அறை தேடுபவரிடம் யாராவது அப்படிச் சொன்னால், "என் கூட்டாளிங்க நாலு பேரும் இப்படித்தான், ஒருத்தர் சமைக்கவே மாட்டார்" என்று சிரித்துக்கொண்டே ஆட்களைப் பெருக்குங்கள்.

நாம் வாங்கியதைப் பற்றியே இதுவரை பேச்சு. கொடுப்பதும் உண்டு. லிட்டில் இந்தியாவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களைப் பார்த்து "ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கமே போக முடியல" என்று சொல்லும் வாய் நம் வாய்தான். "பங்களா" என்ற சொல்லை பங்களாதேஷ் ஊழியர்களுக்கு வசவாக்கியதில் நமக்கும் பங்கு உண்டு. தமிழ் வீட்டுக்காரர் "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாங்க?" என்று அடுக்கும்போது எதைத் தேடுகிறார் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இங்கே பிறந்தவர், ஊரிலிருந்து வந்தவர் என்று நமக்குள்ளே போடும் கோட்டுக்கு ஒரு காரணமும் வேண்டாம். பிரிஸ்டலில் ஹென்றி டாஜ்ஃபெல் பள்ளிப் பையன்களை, இரண்டு ஓவியர்களில் யாரைப் பிடிக்கிறது என்ற பெயரில், உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிட்டார். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. இருந்தும் காசு பங்கிடும்போது தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் குழுவைவிட எவ்வளவு முந்துகிறோம் என்பதையே பலர் பார்த்தார்கள். 2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் வெளிநாட்டு ஊழியர் விடுதி வரக் கூடாது என்று குடியிருப்பாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். விடுதி சின்னதாகி, போக வரத் தனிச் சாலையோடு வந்தது. பதற்றம் குறையப் பழக்கம் வேண்டும் என்றால், பழகும் வழியையே சாலை போட்டு அடைத்தாயிற்று.

இனி வாட்ஸ்அப் மாமா. குடும்பக் குழுவில் ஒரு காணொளி வருகிறது. திடலில் உட்கார்ந்து குடிக்கும் ஊழியர்கள், கீழே "இவனுங்கள எல்லாம் திருப்பி அனுப்பணும்" என்று ஒரு வரி, நாலு கோபமுகம். என்ன செய்வது?

பெரும்பாலோர் செய்யும் தவறு, ஒரே பதிலில் இரண்டு வேலையையும் முடிக்கப் பார்ப்பது. மாமாவை மாற்றுவது ஒரு வேலை. குழுவில் பேசாமல் இருக்கும் முப்பது பேருக்கு "இங்கே இது செல்லாது" என்று தெரியவைப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் இடமும் வேறு, குரலும் வேறு.

இரண்டாவதை முதலில் பார்க்கலாம். கிறிஸ்டியன் கிராண்டாலும் சகாக்களும் 2002இல் 105 வகை மனிதக் குழுக்களின் பெயரைக் கொடுத்து, இவர்களை வெறுப்பதாகச் சொல்வது எவ்வளவு சரி என்று சிலரிடமும், உங்களுக்கு எவ்வளவு வெறுப்பு என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பு 0.96. சமூக உளவியலில் இப்படி ஓர் எண்ணைப் பார்ப்பது அபூர்வம். ஊர் எதைச் சொல்லவிடுகிறதோ அதைத்தான் ஆள் சொல்கிறார். ஆகவே குழுவில் மௌனமாக இருந்தால் அது அனுமதிச் சீட்டு. பதில் இரண்டே வரி, ஒரு மணி நேரத்துக்குள், கோபமில்லாமல்:

"மாமா, இந்த மாதிரி வீடியோ நம்ம குரூப்புல வேணாமே. நம்ம புளோக்கைக் கட்டினதும் இவங்கதானே."

அதோடு நிறுத்த வேண்டும். இணைப்பு போடாதீர்கள், புள்ளிவிவரம் போடாதீர்கள், "இனவாதம்" என்ற சொல்லைப் போடவே போடாதீர்கள். அலெக்சாண்டர் சோப்பும் மார்கோ மான்டீத்தும் செய்த சோதனைகளில், சுட்டிக்காட்டப்பட்டவர்கள் மென்மையாகச் சொன்னாலும் கடுமையாகச் சொன்னாலும் அடுத்த முறை முத்திரை குத்துவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் கடுமையாகச் சொன்னவர் மேல் எரிச்சல் அதிகம். மாமாவோடு அடுத்து ஒரு பேச்சு பாக்கியிருக்கிறது, அந்த எரிச்சலை இப்போதே சம்பாதிக்க வேண்டாம். அவர் திருப்பி எழுதினால், "நேர்ல பேசலாம் மாமா". முடிந்தது.

முதல் வேலை தொலைபேசியில், அல்லது காப்பிக்கடையில் ஒரு தே தாரிக்கோடு, தனியாக. ஆள் பார்க்க ஒருவரை மடக்கினால் அவர் கருத்தைக் காப்பாற்றமாட்டார், முகத்தைத்தான் காப்பாற்றுவார். "இப்படி நினைக்கக் கூடாது" என்று தொடங்கினாலும் கெட்டுவிடும். சுதந்திரத்தைப் பிடுங்குவதாகத் தோன்றினால் மனம் எதிர்த் திசையில் ஓடும் என்று ஜாக் பிரெம் 1966லேயே எழுதினார். லீசா லெகோவும் வேறு இருவரும் 2011இல் சோதித்தது இன்னும் நேரடியானது: தப்பெண்ணத்தைக் கைவிட வேண்டும் என்று அதட்டும் துண்டுப்பிரசுரத்தைப் படித்தவர்களிடம் தப்பெண்ணம், எதையுமே படிக்காதவர்களைவிடக் கூடியிருந்தது.

பிறகு எதுதான் வேலை செய்யும்? மயாமியில் டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், வீடு வீடாகப் போய்ச் சுமார் பத்து நிமிடம் பேசியதில் திருநர்கள் மீதான தப்பெண்ணம் குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் அது நிலைத்தது. (இதே முறையைப் பற்றி 2014இல் வந்த இன்னொரு புகழ்பெற்ற கட்டுரையின் தரவு நம்பத் தகாதது என்று கண்டுபிடித்ததும் இவர்கள்தான். அது 2015இல் திரும்பப் பெறப்பட்டது.) 2020இல் ஏழு இடங்களில் 6,869 வாக்காளர்களிடம் மறுபடி பார்த்தார்கள். இந்தமுறை குடியேறிகளைப் பற்றிய பேச்சும் அதில் உண்டு. எடைபோடாமல் கதை கேட்டு, கதை சொன்னால் பலன். வாதத்தை மட்டும் அடுக்கினால் பலன் இல்லை. கிடைத்த பலனும் சின்னதுதான்.

அதை நம் பேச்சில் போட்டால் இப்படி வரும். முதலில் எண் கேளுங்கள்: "மாமா, இந்த ஊழியருங்க நம்ம வட்டாரத்துல தங்குறது உங்களுக்கு எவ்வளவு சங்கடம்? பத்துக்கு எத்தனை?" ஏழு என்பார். "ஏன் பத்து இல்ல, ஏழு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, மூன்று மதிப்பெண் ஏன் குறைத்தார் என்பதற்கு அவரே காரணம் தேடுவார், அது அவர் வாயால் வரும். இரண்டு நிமிடமாவது குறுக்கே பேசாதீர்கள். அடுத்து, ஓர் ஆள்: "உங்களுக்குத் தெரிஞ்ச ஊழியர் யாராச்சும்?" கோவிலில் பார்த்தவர், மின்தூக்கி பழுதுபார்த்தவர், யாராவது வருவார். பெயர், ஊர், பிள்ளைகள் என்று விவரம் கேளுங்கள். மூன்றாவதுதான் கனமான கேள்வி: "உங்களையே யாராச்சும் அப்படிப் பார்த்திருக்காங்களா மாமா?" வீடு பார்க்கப் போன இடத்தில் கதவு பாதி திறந்து மூடியது, எம்ஆர்டி ரயிலில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. இந்த வயதுத் தமிழரிடம் இந்தக் கதை இல்லாமல் இருப்பது அரிது. அவர் சொல்லும்போது "பாத்தீங்களா, அதே மாதிரிதான் அவங்களுக்கும்" என்று பாய்ந்து முடிச்சுப் போடாதீர்கள். அந்த முடிச்சை அவரே போட வேண்டும். போடாவிட்டால், "அப்ப எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்கலாம். கடைசியில் மறுபடி எண்.

ஏழு ஆறாகும், சில நாள் ஏழாகவே நிற்கும். மூன்று வாரம் கழித்து இன்னொரு காணொளியும் வரும். குழுவில் இரண்டு வரி, வெளியே பத்து நிமிடம்.